வளவுத் தூணில் பூனையின் நகம்: இயல்புணர்ச்சியை எங்கே, எப்படித் திருப்பிவிடுவது

செட்டிநாட்டுப் பள்ளத்தூரிலிருந்து ஆச்சி ஒருவர் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். அவர்களுடைய பூர்வீக வீட்டில் பத்து மாத வயதுடைய செவலை என்ற ஆண் பூனையும், ஒன்றரை வயதுடைய வெள்ளச்சி என்ற பெண் பூனையும் இருக்கின்றன. செவலை, வளவு எனப்படும் நடுமுற்றத்தைச் சுற்றியுள்ள பர்மாத் தேக்குத் தூண்களில் ஒன்றைத் தினமும் நகத்தால் கீறுகிறது. முகப்புக் கதவிலும் பின்கட்டு வாசலிலும் நின்றபடியே சிறுநீரைப் பீய்ச்சுகிறது. வயிறு நிறையப் பால்சோறு வைத்தும் அணிலையும் குருவியையும் பிடித்து வந்து நடுவளவில் போடுகிறது. விடியற்காலை நான்கு மணிக்குக் கத்தி வீட்டை எழுப்புகிறது. விடுமுறைக்கு வந்த பேரனின் கணுக்காலைக் கவ்வுகிறது. அடித்தும், முகத்தைச் சிறுநீரில் தேய்த்தும் பார்த்துவிட்டார்கள். பக்கத்து வீட்டார் சாக்கில் கட்டிக் கண்மாய்க்கு அப்பால் விட்டுவிடச் சொல்கிறார்கள். இந்தக் கெட்ட குணங்களைப் போக்க வழி உண்டா என்பது ஆச்சியின் கேள்வி.

ஆச்சி, இந்த வட்டாரத்துக் கால்நடை மருந்தகங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவன் என்ற முறையிலும், வீட்டில் எப்போதும் இரண்டு மூன்று பூனைகளோடு வாழ்கிறவன் என்ற முறையிலும் சொல்கிறேன்: நீங்கள் எழுதிய ஐந்தில் ஒன்றுகூடக் கெட்ட குணம் அன்று. ஐந்தும் பிறவியோடு வந்த இயல்புணர்ச்சிகள். அவற்றை அடித்தும் போக்க முடியாது, அன்பினாலும் போக்க முடியாது. ஆனால் அவை எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்தப் பொருளின்மேல் வெளிப்பட வேண்டும் என்பதைப் பெருமளவு நீங்களே தீர்மானிக்கலாம். தூணைக் கீறுவதை நிறுத்துவது எப்படி என்று கேட்பதைவிட, தூணுக்குப் பதிலாக எதைக் கீறக் கொடுப்பது என்று கேட்டால் வழி உடனே தெரியும்.

முதலில் பூனை எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் மற்றவை அதிலிருந்தே விளங்கும். உலகத்து வீட்டுப் பூனைகள் எல்லாம் ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை என்னும் ஒரே இனத்தின் வழித்தோன்றல்கள் என்பது 2007இல் வெளியான மரபணு ஆய்வில் உறுதியாயிற்று. மேற்காசியாவில் மனிதர் பயிரிட்டுத் தானியத்தைச் சேர்த்து வைக்கத் தொடங்கியபோது எலி வந்தது, எலியைத் தேடிப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் மனிதரின் பக்கத்திலேயே அடக்கம் செய்யப்பட்ட ஒரு பூனையின் எலும்புக்கூடு சுமார் 9,500 ஆண்டுகள் பழமையானது. நாயை மனிதன் காவலுக்கு, வேட்டைக்கு, மந்தைக்கு என்று தேர்ந்தெடுத்து வளர்த்து அதன் குணத்தையே மாற்றினான். பூனையிடம் அப்படி எதையும் மாற்ற வேண்டிய தேவை அவனுக்கு வரவில்லை. அது முன்பே செய்துகொண்டிருந்த வேலைதான் அவனுக்கு வேண்டியிருந்தது. நெல் குதிரும் தானிய அறையும் இருந்த நம் ஊர் வீடுகளிலும் பூனை அந்த உடன்பாட்டின்படிதான் இருந்தது. அறையில் நெல் இல்லாமற் போன பிறகும் பூனையின் உடம்புக்குள் அந்தக் காட்டுப்பூனை அப்படியே இருக்கிறது.

அந்த மூதாதை தனித்து வேட்டையாடிய பிராணி, கூட்டத் தலைவனுக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்ததன்று. ஆகவே நீங்கள் அடிக்கும்போது, செய்த தவற்றுக்கான தண்டனை இது என்று செவலைக்குப் புரிவதில்லை. உங்கள் கை வலியைத் தரும் பொருள் என்பது மட்டும் பதிகிறது. அடுத்த முறை நீங்கள் இல்லாத நேரம் பார்த்து அதே வேலையைச் செய்யும். முகத்தைச் சிறுநீரில் தேய்ப்பது இன்னும் மோசமான விளைவைத் தரும். அச்சம் கூடினால் சிறுநீர் பீய்ச்சுவதும் கூடும். எனவே அடிப்பதையும் தேய்ப்பதையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

இனித் தூணுக்கு வருவோம். செவலை தூங்கி எழுந்ததும் என்ன செய்கிறது என்று நாளைக் காலை ஒருமுறை அருகிலிருந்து பாருங்கள். முதுகை வில்லாக வளைக்கும், இரண்டடி நடக்கும், தூணின்மேல் முன்னங்கால்களை எட்டும் உயரத்துக்கு ஊன்றி, உடம்பின் எடை முழுவதையும் பின்னுக்கு இழுத்துக் கீழ்நோக்கிப் பிறாண்டும். அது முடிந்தபின் தூணின் அடிக்கல்லருகே குனிந்து தேடினால், பிறை வடிவத்தில், அரிசியை விடச் சற்றுப் பெரிதான, உள்ளே குழிந்த ஒரு கண்ணாடித் தோல் கிடைக்கலாம். அது நகத்தின் பழைய மேலுறை. பூனையின் நகம் வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காக வளர்வது. மேலடுக்கு உரிந்தால்தான் உள்ளிருக்கும் கூரிய நகம் வெளிவரும். கீறுவதில் நகத்தின் பராமரிப்பு இருக்கிறது, முதுகுத் தசைகளை நீட்டி முறிக்கும் சோம்பல் முறிப்பு இருக்கிறது, பாதத்துச் சுரப்பிகளிலிருந்து வாசனையைப் பதிக்கும் வேலையும் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் கீறலும் மூக்குக்குத் தெரியும் மணமுமாகச் சேர்ந்து, இது என் இடம் என்ற அறிவிப்பாக அந்தத் தூண் நிற்கிறது. நாள்தோறும் அதே தூணுக்கு வருவதன் காரணம் அதுதான்.

தேக்குத் தூண் அதற்கு ஏன் பிடித்துப்போயிற்று என்பதையும் கவனியுங்கள். அது அசையாது. ஆளுயரத்துக்கு மேல் நிற்கிறது. நெடுக ஓடும் மரநாரில் நகம் நன்றாகக் கோத்து இழுபடும். பூனை படுக்கும் இடத்துக்கும் எல்லாரும் நடக்கும் வளவுத் தாழ்வாரத்துக்கும் பக்கத்திலேயே இருக்கிறது. நீங்கள் கொடுக்கும் மாற்றும் இந்தக் குணங்களைக் கொண்டிருக்க வேண்டும். கடையில் விற்கும் ஒன்றரையடிக் குட்டைக் கட்டை செவலையின் நீளத்துக்குப் போதாது, சாய்த்தால் ஆடும், ஒருமுறை ஆடியதைப் பூனை மறுபடி தொடாது. நம் வீடுகளில் இதற்கு அருமையான பொருள் ஒன்று சும்மா கிடக்கிறது. வீட்டின் பின்பகுதியான மூன்றாம் கட்டில் யாரும் தொடாமல் இருக்கும் பழைய கல்லுரலின் குழியில் மூன்றடி உயர வேப்பங்கட்டையையோ பனங்கட்டையையோ நட்டு, சல்லியும் சிமெண்டும் கொண்டு இறுக்கிவிடுங்கள். அதன்மேல் தேங்காய்நார்க் கயிற்றையோ சணல் கயிற்றையோ இடைவெளியில்லாமல் நெருக்கிச் சுற்றி, நுனிகளை ஆணியால் அல்லாமல் முடிச்சால் கட்டுங்கள். உரலின் கனத்தில் அது எந்த இழுப்புக்கும் அசையாது. என் வீட்டில் இப்படி நட்ட கட்டைக்கு வயது பதினொன்று. கயிற்றை மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுகிறேன்.

ஆனால் அந்த உரலை மூன்றாம் கட்டிலேயே விட்டுவிட்டால் பயனில்லை. கீறப்படும் தூணை ஒட்டியே முதலில் வையுங்கள். வளவின் அழகு சில வாரங்களுக்குக் கெடும் என்பதை அறிவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அதே சமயம் தூணின் அடிப்பாகத்தில் மூன்றடி உயரத்துக்குத் தடித்த பாலிதீன் விரிப்பைச் சுற்றிக் கட்டினால் நகம் வழுக்கும். ஒட்டும் நாடாவைத் தூணில் நேரடியாக ஒட்டாதீர்கள். பழைய மெருகு நாடாவோடு உரிந்து வந்துவிடும். பூனை கயிற்றுக் கட்டையைத் தொடர்ந்து பயன்படுத்தத் தொடங்கிய பின், நாளுக்கு ஒரு சாண் என்ற கணக்கில் நீங்கள் விரும்பும் இடத்துக்கு நகர்த்தலாம்.

கட்டையின்மேல் ஆசையை உண்டாக்க நம் தோட்டத்திலேயே மருந்து இருக்கிறது. குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்று இன்னொரு பெயர் உண்டு. பெயர் வைத்த நம் முன்னோர் கூர்ந்து பார்த்தே வைத்திருக்கிறார்கள்: செடியை வேரோடு பிடுங்கிப் போட்டால் பல பூனைகள் அந்த வேரில் முகத்தைத் தேய்த்து, உருண்டு, மயங்கிக் கிடக்கும். மேனாட்டார் கேட்னிப் என்ற செடியின் இலையைக் கொண்டு பெறும் விளைவும் இதைப் போன்றதே. புதிதாகப் பிடுங்கிய வேரை நசுக்கிக் கயிற்றின்மேல் அழுத்தித் தேய்த்துவிடுங்கள். எல்லாப் பூனைகளும் இதற்கு மயங்குவதில்லை. சின்னக் குட்டிகள் அநேகமாகத் திரும்பிப் பார்க்காது. தின்னக் கொடுக்கவும் வேண்டியதில்லை, மணம் போதும். இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை நகத்தின் நிறமற்ற நுனியை மட்டும், உள்ளே தெரியும் இளஞ்சிவப்புப் பகுதியைத் தொடாமல் நறுக்கிவிட்டால் மரத்துக்கு நேரும் சேதமும் குறையும். சிலர் நகத்தையே எடுத்துவிட முடியாதா என்று கேட்பதுண்டு. அது நகத்தை எடுப்பதன்று, ஒவ்வொரு விரலின் கடைசி எலும்பையும் வெட்டி எடுப்பது. நான் ஒருபோதும் செய்ததில்லை, செய்யச் சொல்லவும் மாட்டேன்.

சிறுநீர் விஷயத்தில் ஒரு வேறுபாட்டை முதலில் தெளிவாக்க வேண்டும். உட்கார்ந்து, தரையில், நிறையப் போனால் அது கழிவு. நின்று, வாலை நிமிர்த்தி அதன் நுனி நடுங்க, சுவரிலோ கதவிலோ கொஞ்சமாகப் பீய்ச்சினால் அது எல்லைக் குறி. இரண்டுக்கும் காரணமும் வேறு, மருந்தும் வேறு. நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவது வகை. விதை நீக்காத ஆண் பூனையின் சிறுநீரில் ஃபெலினின் என்ற கந்தகச் சேர்மம் மிகுந்திருப்பதால்தான் அந்த நாற்றம் அத்தனை கடுமையாக இருக்கிறது. வேறு ஆண் பூனைகளுக்கு அது எச்சரிக்கை, பெண் பூனைக்கு அழைப்பு.

பத்து மாதம் ஆகிவிட்ட செவலைக்கு உடனே விதை நீக்க அறுவை செய்துவிடுங்கள். ஏறத்தாழப் பத்து ஆண் பூனைகளில் ஒன்பதில் இந்தப் பழக்கம் நின்றுவிடுகிறது அல்லது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. சில பூனைகளில் சில நாட்களிலேயே, சிலவற்றில் சில வாரங்கள் கழித்து. வெள்ளச்சிக்கும் கருத்தடை செய்துவிடுவது அவசியம். நம் நாட்டு வெயிலில் பெண் பூனைகள் ஆண்டின் எந்த மாதத்திலும் பருவத்துக்கு வரக்கூடும். சினைக்காலம் ஒன்பது வாரமே. ஐந்து மாதக் குட்டியே சினைப்படுவதையும் பார்த்திருக்கிறேன். பருவத்துக்கு வந்த பெண் பூனை ஒரே கூரையின்கீழ் இருக்கும்வரை ஆண் பூனை அமைதி கொள்ளாது, தெருவிலுள்ள மற்ற ஆண் பூனைகளும் உங்கள் ஓட்டுக்கூரையை விட்டு இறங்கா.

பீய்ச்சும் இடமும் ஒரு செய்தி சொல்கிறது. படுக்கை, துணி, உள்ளறை என்றால் வீட்டுக்குள்ளேயே ஏதோ சிக்கல். வெளிவாசல்களில் என்றால் வெளியிலிருந்து வரும் பூனை. நம் வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடப்பவை. கூரைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பவை. உங்கள் செவலை முகப்பிலும் பின்கட்டிலும் மட்டும் குறி வைக்கிறது என்பதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது, இரண்டு தெருக்களிலிருந்தும் ஒரு கடுவன், அதாவது வேற்று ஆண் பூனை, வந்துபோகிறது என்பதுதான். இரவில் வெளியே மீதிச் சோறு வைப்பதை நிறுத்துங்கள். பின்வாசலின் அடியிலுள்ள இடைவெளியைப் பலகையால் அடைத்துவிடுங்கள்.

குறி வைத்த இடத்தைச் சுத்தம் செய்வதில்தான் பெரும்பாலான வீடுகளில் தவறு நடக்கிறது. கருப்புப் பினாயிலை ஊற்றிக் கழுவாதீர்கள். அதிலுள்ள பீனால் வகைப் பொருட்களை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு; பாதத்தில் பட்டதை நக்கியே நஞ்சேறும். அதே குறையினால்தான் நாம் காய்ச்சலுக்குப் போடும் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரை ஒன்று ஒரு பூனையைக் கொல்லப் போதுமானதாகிறது. பெட்டகத்தில் பட்டுச் சேலைகளுக்கிடையே போடும் அந்துருண்டையும் பூனைக்கு எட்டக்கூடாது. அம்மோனியா கலந்த திரவங்கள் சிறுநீர் வாசனையையே நினைவூட்டுவதால் அங்கேயே மறுபடி குறி வைக்கத் தூண்டும். இணையத்தில் பலர் வினிகரைச் சொல்வார்கள். மற்ற தரைக்கு அது சரியாக இருக்கலாம், ஆத்தங்குடிப் பூக்கல்லுக்குக் கூடாது. அது சிமெண்டால் செய்த கல். புளிப்பு பட்டால் மேற்பரப்பு அரித்து நிறம் மங்கிவிடும். நொதி (என்சைம்) கலந்த சலவைத்தூளைத் தண்ணீரில் கரைத்துத் துணியால் ஒற்றி எடுத்து, வெறும் தண்ணீரால் இரண்டு முறை துடைத்து, நன்கு உலரவிடுங்கள். உலர்ந்த பிறகு ஒரு மெல்லிய பருத்தித் துணியால் செவலையின் கன்னங்களை மெதுவாகத் தடவி, அந்தத் துணியைக் கதவு நிலையின் அதே உயரத்தில் தேய்த்துவிடுங்கள். கன்னத்து மணம் பதிந்த இடத்தில் சிறுநீர்க் குறி வைக்கப் பூனைகள் பொதுவாக விரும்புவதில்லை.

அடுத்தது வேட்டை. இதில்தான் பூனை வளர்ப்போர் மிகவும் மனம் வருந்துகிறார்கள். வயிறு நிறைந்தால் வேட்டை நின்றுவிடும் என்று நாம் எண்ணுகிறோம். பூனையின் மூளையில் பசியும் வேட்டையும் தனித்தனிக் கம்பிகளில் ஓடுகின்றன. காட்டில் வாழும் பூனை ஒரு நாளைக்குப் பத்துக்கு மேற்பட்ட சிறு இரைகளைத் தின்றாக வேண்டும். பாய்ச்சல்களில் பல தவறிப்போகும். பசி எடுத்த பிறகு வேட்டைக்குக் கிளம்பினால் அது பிழைக்காது. அதனால் அசையும் சிறு உருவத்தைக் கண்டதுமே உடல் தயாராகிவிடுகிறது. மாலையில் வளவில் அணில் இறங்கும்போது பாருங்கள்: வயிறு தரையோடு ஒட்டும், காதுகள் முன்னே குவியும், வாலின் நுனி மட்டும் துடிக்கும், பின்கால்கள் இரண்டும் மாறி மாறி மிதித்துத் தரையைச் சரிபார்க்கும், பிறகு ஒரே பாய்ச்சல். 64,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைக் கேட்கும் காது அது. நமக்கு எல்லை 20,000. எலிக்குஞ்சின் கீச்சொலி நமக்குக் கேட்காமலே அதற்குக் கேட்டுவிடும்.

இறந்த குருவியை உங்கள் காலடியில் கொண்டுவந்து போடுவது காணிக்கை என்று சிலர் சொல்கிறார்கள், பழிவாங்கல் என்று சிலர் சொல்கிறார்கள். இரண்டும் இல்லை என்பதே என் கருத்து. தாய்ப்பூனை குட்டிகளுக்கு முதலில் செத்த இரையையும், பிறகு அரைகுறை உயிருள்ள இரையையும் கொண்டுவந்து போட்டுப் பழக்கும். அந்தப் பழக்கமும், பிடித்ததைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோய்த் தின்னும் பழக்கமும் சேர்ந்தே இரை நடுவளவுக்கு வருகிறது. திட்டாமல், சத்தமில்லாமல் அப்புறப்படுத்துங்கள்.

தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காமல் பறவைகளைக் காக்கும் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். வேட்டங்குடிச் சரணாலயத்து நாரைகளைச் செவலை ஒன்றும் செய்துவிடாது. ஆனால் முற்றத்துக்கு வரும் சிறு குருவிகளும் அந்தக் கரிசனத்துக்கு உரியவையே. ஆகவே வேட்டையைக் குறைப்பது நம் கடமை என்றே கருதுகிறேன். இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியில் 355 பூனைகளைக் கொண்டு நடத்தி, எக்ஸீட்டர் பல்கலைக்கழகத்தார் 2021இல் வெளியிட்ட ஆய்வு இதில் நல்ல வழிகாட்டி. இறைச்சிப் புரதம் மிகுந்த, தானியமில்லாத உணவைக் கொடுத்த வீடுகளில் பூனை கொண்டுவந்த இரைகள் 36 சதவீதம் குறைந்தன. நாள்தோறும் ஐந்து முதல் பத்து நிமிடம் விளையாட்டுக் காட்டிய வீடுகளில் 25 சதவீதம் குறைந்தன. உணவை ஒளித்து வைத்துத் தேடி எடுக்கச் செய்யும் கருவிகளைக் கொடுத்த வீடுகளிலோ இரை 33 சதவீதம் கூடியது. மணி கட்டியதால் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை. பூனைக்கு யார் மணி கட்டுவது என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்; கட்டினாலும் எலிக்கும் குருவிக்கும் பெரிய பயன் இல்லை என்பதாகவே இந்த ஆய்வு சொல்கிறது.

இதை உங்கள் வீட்டுக்குப் பொருத்தினால் முதலில் மாற வேண்டியது பால்சோறு. பூனை முழுக்க முழுக்க இறைச்சியுண்ணி. டாரின் என்ற சத்து அதற்கு இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்துமே கிடைக்கிறது. தொடர்ந்து கிடைக்காவிட்டால் விழித்திரை கெடும், இதயத்தசை தளர்ந்து வீங்கும். இனிப்பை உணரும் நாவுச் சுவையும் பூனைக்கு இல்லை என்பது 2005இல் மரபணு வழியாக நிறுவப்பட்டது. பாலில் அதற்குப் பிடிப்பது கொழுப்பு. வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் வயிற்றுப்போக்கும் வரும். உப்பு, காரம் போடாமல் வேகவைத்த கோழி, ஈரல் சிறிதளவு, முள் நீக்கிய மீன், முட்டை ஆகியவற்றையும், முடிந்தால் பூனைக்கென்றே தயாரித்த சரிவிகித உணவையும் முதன்மையாக வையுங்கள். வீட்டுச் சமையலை மட்டும் நம்பினால் சில சத்துகள் குறைந்துபோகும் என்பதால் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதே பாதுகாப்பு. நம் குழம்பிலிருந்து எடுத்த கறித்துண்டு மட்டும் வேண்டாம். சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாமல் நம் சமையல் இல்லை. அவை இரண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை அழித்துச் சோகையை உண்டாக்கும்.

விளையாட்டுக்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. தென்னை ஈர்க்கின் நுனியில் இரண்டு கோழி இறகுகளைக் கட்டி, தூணுக்குப் பின்னால் ஒளிந்து ஓடும் எலியைப் போலத் தரையோடு இழுங்கள். பூனையின் முகத்துக்கு நேரே ஆட்டாதீர்கள், எந்த இரையும் வேடனை நோக்கி ஓடி வருவதில்லை. இரண்டு மூன்று முறை பிடிக்கவிட்டு, கடைசியில் பிடித்ததும் உணவை வையுங்கள். பதுங்குதல், பாய்தல், கவ்வுதல், தின்னுதல் என்ற வரிசை நிறைவடைந்தால்தான் பூனை நிறைவடையும். சிவப்பு ஒளிப்புள்ளியைக் காட்டி விளையாடுவதை நான் விரும்பாததன் காரணம், அதில் கவ்வுவதற்கு எதுவும் இல்லாமல் ஏமாற்றமே மிஞ்சுகிறது. விளையாடி முடிந்ததும் அந்தக் குச்சியை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். நூலும், பூத்தொடுத்த வாழைநாரும் பூனையின் குடலுக்குள் போனால் குடலைச் சுருக்கிக் கிழித்துவிடும். கோயிலுக்குப் போய்வந்து கழற்றிப்போட்ட பூச்சரத்தின் நாரை விழுங்கிய பூனைக்கு நான் அறுவை செய்திருக்கிறேன்.

பூனை அந்திக்கும் விடியலுக்கும் உரிய பிராணி. மாலைப்பொழுதில் வேலியோரம் வெருகு என்னும் காட்டுப்பூனையைக் கண்ட பேடைக்கோழி பதறிக் குஞ்சுகளைக் கூவி அழைப்பதைச் சங்கப் பாடலிலேயே பார்க்கிறோம். ஆகவே பறவைகள் இறங்கும் விடியற்காலையிலும் அவை அடையும் மாலையிலும் செவலையை உள்கட்டில் வைத்துக் கதவைச் சாத்திவிடுவது நல்லது. வளவு வானம் பார்த்துத் திறந்திருப்பதால் முழுக்க அடைப்பது கடினம். மேலே கம்பி வலை போட்ட வளவாக இருந்தால் சிறு கண்ணி வலை ஒன்றை அதன்மேல் விரித்துக் கட்டினால் போதும்.

நான்கு மணிக் கூவலும் இந்த நேரக்கணக்கைச் சேர்ந்ததே. நீங்கள் எழுந்து உணவு வைத்த ஒவ்வொரு நாளும், கத்தினால் சோறு வரும் என்ற பாடத்தை அதற்குக் கற்பித்திருக்கிறீர்கள். இரவு ஒன்பது மணிக்கு மேலே சொன்ன விளையாட்டும் அதையடுத்து நாளின் பெரிய உணவும் கொடுங்கள். காலையில் நீங்கள் எழுந்த அரைமணி நேரம் கழித்தே உணவு வையுங்கள். முதல் வாரம் கூவல் அதிகமாகும், பிறகு அடங்கும். இடையில் ஒரு நாள் மனமிரங்கி எழுந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

பேரனின் காலைக் கவ்வுவதும் வேட்டைதான், வெறுப்பு அன்று. குட்டியாக இருந்தபோது யாரோ விரல்களை ஆட்டி விளையாடக் காட்டியிருப்பார்கள். கையும் காலும் விளையாட்டுப் பொருள் என்று அது கற்றுக்கொண்டது. இரண்டாவது வாரம் முதல் ஏழாவது வாரம் வரையிலான காலம் பூனைக்குட்டி உலகத்தைப் படிக்கும் காலம். உடன்பிறந்த குட்டிகளோடு கடித்து விளையாடி, எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்று பழகும் பருவமும் ஏறத்தாழ அப்போதே தொடங்குகிறது. தாயிடமிருந்து சீக்கிரம் பிரிக்கப்பட்ட குட்டிகளுக்கு அந்த அளவு தெரிவதில்லை. செவலை பாய்ந்தால் பேரன் அலறி ஓடாமல் அசையாமல் நிற்கட்டும். ஓடினால் அவனும் இரையாகிவிடுகிறான். வால் தரையில் அடிக்கத் தொடங்கினாலோ, முதுகுத்தோல் சிலிர்த்தாலோ தடவுவதை நிறுத்த வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். பூனையைப் பார்த்து மெதுவாகக் கண்களை மூடித் திறந்தால் அதுவும் மூடித் திறக்கும், அருகில் வரவும் விரும்பும் என்று 2020இல் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் கண்டறிந்தார்கள். பிள்ளைகள் இதை ஆசையாகக் கற்றுக்கொள்வார்கள். இன்னொன்றைத் தள்ளிப்போடவே கூடாது. இரண்டு பூனைகளுக்கும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு ஆண்டுதோறும் தொடருங்கள். பல்லோ நகமோ பட்டு இரத்தம் கசிந்தால், வீட்டுப் பூனைதானே என்று விடாமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் காட்டி ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்று ஆண்டுக்கு ஓரிரு முறை உங்கள் வீடும் நிறையும். பூட்டிய அறைகள் திறக்கும், பெட்டகங்கள் நகரும், நூறு பேரின் புதிய மணம் வீட்டுக்குள் வரும். நமக்கு அது திருவிழா. எல்லைக் குறிகளெல்லாம் ஒரே நாளில் அழிந்துபோன பூனைக்கு அது பேரிடர். விருந்தினர் வருவதற்கு ஒரு வாரம் முன்பே இரண்டாம் கட்டில் ஓர் அறையை ஒதுக்கி, உயரத்தில் ஏறிப் படுக்கப் பலகையும், பழைய ஓலைக் கொட்டானில் பழகிய துணியும், மணல் தட்டும், தண்ணீரும் வைத்துப் பழக்குங்கள். மணல் தட்டுகள் பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும், உங்களுக்கு மூன்று. உணவுக்குப் பக்கத்தில் தட்டை வைக்கக்கூடாது.

சாக்கில் கட்டிக் கண்மாய்க்கு அப்பால் விடும் யோசனையை மறந்துவிடுங்கள். பூனை ஆளைவிட இடத்தோடு ஒட்டிய பிராணி. சில பூனைகள் பல கிலோமீட்டர் நடந்து திரும்பிவரும். திரும்பாதவை நாய்களிடமோ சாலையிலோ முடிந்துபோகும். வெள்ளச்சி அறுவைக்கு முன்பே சினைப்பட்டுக் குட்டி போட்டுவிட்டால், அது குட்டிகளைக் கவ்விக்கொண்டு ஏழு வீடு மாறும் என்று நாம் சொல்லும் பழக்கத்தையும் தடுக்காதீர்கள்; கடுவன்களிடமிருந்தும் சந்தடியிலிருந்தும் குட்டிகளைக் காக்கும் தாயின் ஏற்பாடு அது.

கடைசியாக, இயல்புணர்ச்சி என்று எண்ணி நோயைத் தவறவிடக்கூடாது. என் பணியின் தொடக்க ஆண்டுகளில் ஒரு பெரியவர், மணல் தட்டில் முக்கி முக்கி உட்கார்ந்த தம் ஆண் பூனைக்கு மலச்சிக்கல் என்று நினைத்து இரண்டு நாள் விளக்கெண்ணெய் கொடுத்துவிட்டு மூன்றாம் நாள் தூக்கிவந்தார். வயிற்றைத் தொட்டபோது சிறுநீர்ப்பை எலுமிச்சையைவிடப் பெரிதாக, கல்லாக இறுகியிருந்தது. பாதை அடைத்துக்கொண்டிருந்தது, என்னால் காப்பாற்ற முடியவில்லை. பாலைநிலத்து மூதாதையின் வழிவந்த பூனைக்குத் தாகவுணர்வு குறைவு, சிறுநீர் கெட்டியாகவே போகும். ஆண் பூனையின் சிறுநீர்ப்பாதையும் குறுகியது. அதனால் நம் சித்திரை வெயிலில் நாலைந்து இடங்களில், உணவிலிருந்து தள்ளி, அகன்ற மண்சட்டிகளில் தண்ணீர் வைத்து நாளுக்கு இருமுறை மாற்றுங்கள். செவலை அடிக்கடி தட்டுக்குப் போய் உட்கார்ந்தும் சிறுநீர் வராவிட்டாலோ, சொட்டுச் சொட்டாக மட்டும் வந்தாலோ, கத்தினாலோ, குறியை ஓயாமல் நக்கினாலோ, மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். இரவானாலும் வண்டி பிடித்துக் காரைக்குடிக்கோ தேவகோட்டைக்கோ, எங்கே மருத்துவர் கிடைப்பாரோ அங்கே, அந்த நேரமே கொண்டுசெல்லுங்கள்.